ஐந்து கிராம் பளபளப்பு

திருமலைக்கு மோட்டார் ஏறும் சாலை திறந்தது 1944-இல். அதுவரை அலிபிரிப் படிக்கட்டு, இல்லையென்றால் சீனிவாச மங்காபுரத்துப் பக்கமிருந்து ஏறும் ஸ்ரீவாரி மெட்டு, இரண்டும் முடியாதவர்களுக்கு டோலி. அந்த மலைச்சாலைக்குத் திட்டம் வகுத்ததில் மோக்ஷகுண்டம் விசுவேசுவரய்யாவுக்குப் பங்கு உண்டு. அதே 1944-இல் பம்பாயில் வால்சந்த் ஹீராசந்த் ஒரு கம்பெனி தொடங்கினார், பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் என்று. அதற்குப் பின்னாலும் விசுவேசுவரய்யாவின் பல வருட உழைப்பு இருக்கிறது. 1930-களின் நடுவிலேயே அவர் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் போய்க் கார் ஆலைகளைப் பார்த்துவிட்டு வந்து, இந்தியாவிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று மன்றாடியவர். வெள்ளைக்கார அரசு இடம் கொடுக்கவில்லை. கடைசியில் அமெரிக்காவின் கிறைஸ்லர் கம்பெனியோடு செய்த ஒப்பந்தத்தின்படி குர்லாவில் ஆலை வந்து, 1947-இல் வண்டிகள் வெளியே உருளத் தொடங்கின.

ஆக, மலையில் வளைந்து ஏறும் அந்தச் சாலை, அதில் முக்கி முனகி ஏறப்போகும் அமெரிக்க பிளஷர் கார் இரண்டிலும் ஒரே கிழவரின் கைரேகை. இந்த அத்தியாயம் அந்தக் காரைப் பற்றியது. குறிப்பாக அதன் முகத்தில் அப்பியிருக்கும் குரோமியத்தைப் பற்றியது.

காரின் பெயர் டாட்ஜ் கிங்ஸ்வே. கிறைஸ்லர் கம்பெனி உள்ளூரில் பிளிமத் என்று விற்ற வண்டிதான் இது. வெளிநாட்டில் டாட்ஜ் விற்கும் ஏஜெண்டுகளும் விலை குறைந்த கார் ஒன்று கேட்டார்கள். கம்பெனி பிளிமத்தின் மூக்கை மட்டும் மாற்றி, பானெட்டின் மேல் டாட்ஜின் ஆட்டுக்கிடாயை நிறுத்தி, கிங்ஸ்வே என்று கப்பலேற்றியது. வேறொரு மூக்கு வைத்தால் அதே வண்டி டி சோட்டோ டிப்ளமேட். பழைய கார் அணிவகுப்புகளில் கூட்டம் இம்பாலாவையும் கேடிலாக்கையும் மொய்க்கும். மூக்கு மாற்றிய பிளிமத்தை யார் நின்று பார்க்கப்போகிறார்கள்? அந்த அலட்சியம் நியாயமில்லை என்பது என் கட்சி.

அப்போது கிறைஸ்லரின் தலைவர் கே. டி. கெல்லர். எந்திரக் கூடத்தில் வளர்ந்த மனிதர். காருக்குள் தொப்பியோடு நிமிர்ந்து உட்கார முடியவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ஜெனரல் மோட்டார்சில் ஹார்லி ஏர்ல் கார்களைத் தாழ்த்தி, நீட்டி, மினுக்கிக்கொண்டிருந்த காலம் அது. கெல்லரின் வண்டிகள் நிமிர்ந்து, பெட்டிபெட்டியாக, பெரிய வீட்டுக் கணக்குப்பிள்ளை போல் நின்றன. அமெரிக்கர்கள் சிரித்தார்கள். 1952-இல் ஃபோர்டு கம்பெனி கிறைஸ்லரை மூன்றாம் இடத்துக்குத் தள்ளியது. ஆனால் சித்தூர், பலமனேர், முளபாகல் வழியாகப் பெங்களூருக்குப் போகும் பழைய மதராஸ் சாலையில் அந்த உயரமான கூரை வரப்பிரசாதம். தலைப்பாகை இடிக்காது, கொண்டைப் பூ நசுங்காது. கியர்க் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருப்பதால் முன்னால் மூன்று பேர், பின்னால் மூன்று பேர், மடியில் பிள்ளைகள் எத்தனை வேண்டுமானாலும்.

கெல்லர் எவ்வளவு சிக்கனக்காரராக இருந்தாலும் காலத்தின் மோகத்திலிருந்து தப்ப முடியவில்லை. கிங்ஸ்வேயின் முன்னால் நின்று எண்ணிப் பாருங்கள். பம்பர், பம்பரின் இரண்டு கொம்புகள், ரேடியேட்டரை மூடும் கிரில், ஹெட்லைட் வளையங்கள், கிடாய், கதவுக் கைப்பிடிகள், பக்கவாட்டில் ஓடும் நீளப் பட்டைகள், கண்ணாடியைச் சுற்றிய விளிம்புகள், உள்ளே ஹாரன் வளையம். கார் முழுக்க குரோமியம் என்றுதான் எவரும் சொல்வார்கள்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. அந்தக் காரில் குரோமியம் பூசிய பரப்பை எல்லாம் சேர்த்து இரண்டு சதுர மீட்டர் என்று தோராயமாக வைத்துக்கொள்வோம். அழகுக்காகப் பூசும் குரோமியப் படலத்தின் தடிமன் அரை மைக்ரானுக்கும் குறைவு, 0.3 மைக்ரான் என்று எடுத்துக்கொள்ளலாம். தலைமயிர் ஒன்றின் தடிமன் எழுபது மைக்ரான் இருக்கும். குரோமியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 7.2 கிராம். பெருக்கிப் பாருங்கள்: நான்கு கிராமிலிருந்து ஐந்து கிராமுக்குள் அடங்கிவிடும். ஏறக்குறைய ஒன்றரை டன் காரில் ஐந்து கிராம். அரைப் பவுன் மோதிரத்தைவிடச் சற்றே கூடுதல் எடை.

அப்படியானால் பளபளப்பது எது? பெரும்பாலும் நிக்கல். நம் ஊர்ப் பட்டறைகளில் பழைய ஆட்கள் இந்த வேலையையே 'நிக்கல் பாலிஷ்' என்றுதான் சொல்வார்கள். அவர்கள் சொல்வதுதான் சரி. இரும்புப் பம்பரைத் தேய்த்து, கழுவி, முதலில் செம்பு, அதன்மேல் இருபது முப்பது மைக்ரான் நிக்கல், கடைசியாக ஒரு மூச்சுக்காற்று அளவு குரோமியம். மேடுபள்ளத்தை நிரவிக் கண்ணாடிபோல் ஆக்குவது நிக்கல். இரும்பைத் துருவிலிருந்து காப்பதும் நிக்கல்தான். அதே இரண்டு சதுர மீட்டரில் நிக்கலின் எடை முந்நூற்றைம்பது கிராமைத் தாண்டும்.

இருந்தும் நிக்கலை வெறுமனே விட்டால் சில வாரங்களில் மங்கி மஞ்சள் தட்டும். 1920-களின் தொடக்கம் வரை கார்களுக்கு நிக்கல்தான். டிரைவரின் காலைக் கடமைகளில் ஒன்று அதைத் துடைப்பது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் என்பவரும் அவருடைய மாணவர் எல்ட்ரிட்ஜும் 1924 வாக்கில் குரோமிய முலாமை நம்பகமான தொழிலாக்கினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் கார்க்காரர்கள் எல்லாரும் அதைப் பிடித்துக்கொண்டார்கள். குரோமியம் காற்றில் பட்ட கணத்திலேயே தன்மேல் ஒரு ஆக்சைடு தோலைப் போர்த்திக்கொள்கிறது. சில நானோமீட்டர் தடிமன், ஒளி ஊடுருவும், கீறினால் உடனே மறுபடி வளரும். வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புவதில் குரோமியம் ஒன்றும் கெட்டிக்காரன் இல்லை. வெள்ளி நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்கைத் திருப்பினால், குரோமியம் மூன்றில் இரண்டு பங்குதான். ஆனால் வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தைக் கண்டால் கறுத்துவிடும். குரோமியம் இன்று எப்படியோ இருபது வருடம் கழித்தும் அப்படியே. மேலும், நீலப் பக்கத்து ஒளியைச் சற்றே கூடுதலாகத் திருப்புவதால் அதற்கு ஒரு குளிர்ந்த சாயல். கோடை வெயிலில் அந்தச் சாயலைப் பார்க்கவே இதமாக இருக்கும்.

தொட்டால்தான் தெரியும். சித்தூரில் மே மாத மதியம் வெயிலில் நிறுத்திய காரின் குரோமியக் கைப்பிடியைப் பிடித்தவர்கள் கையை உதறியிருப்பார்கள். பளபளப்பான பொருள் வெயிலை விரட்டிவிடும், சூடாகாது என்று நாம் நினைக்கிறோம். குரோமியம் வெயிலில் மூன்றில் ஒரு பங்கை விழுங்கிக்கொள்கிறது. விழுங்கிய வெப்பத்தை வெளியே கதிர்வீசித் தள்ளும் திறன் அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. பெயிண்ட் தள்ளுவதில் பத்தில் ஒரு பங்குதான் தள்ளும். ஆகவே காற்றடித்துக் கொண்டுபோனால்தான் உண்டு. பக்கத்திலேயே வெள்ளைப் பெயிண்ட் அடித்த கதவு கைபொறுக்கும் சூட்டில் இருக்கும். பார்வைக்குக் குளிர்ச்சி, தொட்டால் நெருப்பு. அந்த நாளைய டிரைவர்கள் தோளில் துண்டில்லாமல் காரை நெருங்காததற்கு இதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கும்.

விலை குறைந்த உலோகத்தின்மேல் உயர்ந்த உலோகத்தை மெல்லியதாகப் போர்த்தும் கலை திருமலைக்குப் புதிதில்லை. ஆனந்த நிலைய விமானத்துக்கு 1518-இல் கிருஷ்ணதேவராயர் முப்பதாயிரம் பொற்காசு கொடுத்துப் பொன் வேய்ந்தார். அங்கே பொன்னின் மதிப்பே பெருமை. குரோமியத்தில் மதிப்பு என்று ஒன்றும் இல்லை. அதைப் படியவைக்கும் வேலைதான் கடினம்.

எவ்வளவு கடினம் என்பதற்கு முலாம் தொட்டியை எட்டிப் பார்க்கவேண்டும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இருநூற்றைம்பது கிராம் குரோமிக் அமிலம், அதில் நூற்றில் ஒரு பங்கு கந்தக அமிலம். கருஞ்சிவப்புக் குழம்பு. எதிர்மின் பக்கம் பம்பர், நேர்மின் பக்கம் ஈயத் தகடு. கரைசலில் ஒவ்வொரு குரோமிய அணுவும் ஆறு எலெக்ட்ரான் கடன்பட்டு நிற்கிறது. ஆறையும் கொடுத்தால்தான் அது உலோகமாகும். கொடுக்கிற மின்சாரத்தில் எண்பது, தொண்ணூறு சதவீதம் தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் குமிழி கிளப்புவதிலேயே வீணாகிறது. செம்பு முலாமும் நிக்கல் முலாமும் இப்படி இல்லை. கொடுத்த மின்சாரத்துக்குக் கிட்டத்தட்ட முழுக் கணக்கு சொல்லும்.

இந்தக் குழம்புக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு. எதிரே மேடாகத் தெரியும் இடத்தில் நன்றாகப் படியும், குழிக்குள் நுழையவே நுழையாது. கூர்மையான விளிம்பில் அளவுக்கு மீறிப் படிந்து கருகும். பட்டறைக்காரர் காரின் வடிவமைப்பாளரிடம் கேட்பது ஒன்றுதான்: ஆழமான சந்துபொந்து வைக்காதே, கத்தி விளிம்பு வைக்காதே, உருட்டி விடு. ஐம்பதுகளின் அமெரிக்க பம்பர்கள் ஏன் அப்படி ஊதி உருண்டு திரண்டிருக்கின்றன என்பதற்கு ஜெட் விமான மோகம், போருக்குப் பிந்திய பணப்புழக்கம் என்று பல காரணம் சொல்வார்கள். எல்லாம் உண்மை. அவற்றோடு இந்தத் தொட்டியின் சண்டித்தனத்தையும் சேர்த்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து, அந்தப் பக்கவாட்டுப் பட்டைகள். அவை முலாமே இல்லை. துருப்பிடிக்காத எஃகு, நம் வீட்டுப் பாத்திர அலமாரியில் இருக்கும் எவர்சில்வருக்கு ஒன்றுவிட்ட தம்பி. அதில் குரோமியம் உள்ளேயே கலந்திருக்கிறது, எடையில் பதினாறு பதினேழு சதவீதம். ஒரு கிலோ பட்டையில் நூற்றறுபது கிராமுக்கு மேல். குரோமிய வண்டி என்று நாம் பெயர்சூட்டும் காரில் உண்மையான குரோமியம் இருப்பது, குரோமியம் பூசாத பாகத்தில்! உரிவதற்கு அதில் தோல் கிடையாது. நசுங்கினால் டிங்கரிங் ஆள் தட்டி எடுத்து, பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் போதும், புதிதாகிவிடும். கிங்ஸ்வே வாங்கப் பார்க்கிறவர்கள் முதலில் பட்டைகள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது.

முலாம் பூசிய பாகங்களில் ஆண்டைப் பார்த்து ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். 1950-இல் கொரியப் போர் மூண்டது. ஜெட் எஞ்சினுக்கு நிக்கல் தேவைப்பட்டது. அமெரிக்க அரசு கார்க்காரர்களின் நிக்கலை வெட்டியது. 1951, 52-ஆம் ஆண்டு வண்டிகளில் நிக்கலைக் குறைத்து, அல்லது செம்பின்மேல் நேரடியாகக் குரோமியம் பூசி, மேலே நிறமற்ற லாக்கர் அடித்து ஒப்பேற்றினார்கள். லாக்கர் போனதும் பம்பர் செம்மண் நிறத்தில் புள்ளிவிட்டது. முகத்தில் அம்மைத் தழும்போடு அந்த ஆண்டு வண்டி வந்தால் முதலாளியைத் திட்டவேண்டாம்; தப்பு மூன்றாயிரம் மைல் தள்ளி ஒரு போர்க்களத்தில்.

நிக்கல் சரியாக இருந்தாலும் முடிவு அதேதான், நாள்தான் கூடும். குரோமியப் படலம் இயல்பிலேயே நுண்ணிய வெடிப்பு விட்டது. அந்த வெடிப்பு வழியே ஈரமும் உப்பும் இறங்கி நிக்கலைத் தின்னும். நிக்கல் துளைபட்டு இரும்பு எட்டிப்பார்த்தால் கதை மாறுகிறது: நிக்கலும் இரும்பும் சேர்ந்து ஒரு குட்டி பேட்டரி ஆகி, இரும்பு தன்னைக் கரைத்துக் கொடுக்கிறது. ஊசிமுனைத் துளைக்கு அடியில் கொப்புளம். மயிலாப்பூர்ச் சந்தில் கடற்காற்று வாங்கிக்கொண்டு நின்ற வண்டிக்கு இது சீக்கிரம் வரும். கடலிலிருந்து தள்ளி, மேட்டு நிலத்தில், காய்ந்த காற்றில் இருக்கும் சித்தூர் மாதிரி ஊர்கள் குரோமியத்துக்கு வாழ்விடம்.

எஞ்சினைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கிடாய் கோபித்துக்கொள்ளும். மூன்றரை லிட்டருக்குச் சற்று மேல், ஆறு சிலிண்டர், பக்கவால்வு, தொண்ணூற்றேழு குதிரைத்திறன். அவசரமே இல்லாத எஞ்சின், இரண்டாவது கியரில் மாடு மாதிரி இழுக்கும். பக்கவால்வு அமைப்பில் எரிந்த புகை வெளியேறும் வழி சிலிண்டர் கட்டைக்குள்ளேயே போகிறது; அதனால் ரேடியேட்டர் தண்ணீருக்கு வரும் வெப்பம் அதிகம். திருப்பதியிலிருந்து திருமலைக்கு ஏற்றம் ஏறத்தாழ எழுநூறு மீட்டர். ஆறு பேரும் மூட்டை முடிச்சும் சேர்த்து வண்டி 1,850 கிலோ என்றால், தூக்கிய ஆற்றல் பன்னிரண்டரை மெகாஜூலுக்கு மேல். எஞ்சின் ஐந்தில் ஒரு பங்கைத்தான் வேலையாக்கும். ஆக, இரண்டு லிட்டர் பெட்ரோல் எரிந்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு வெறும் சூடு. அது ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போயாகவேண்டும். ஏற்றத்தில் வண்டி ஊர்வதால் காற்றோட்டமும் குறைவு. பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி வண்டி நின்றுவிடும்; பம்பின்மேல் ஈரத்துணி சுற்றி, சற்று நேரம் கோவிந்தா சொன்னால் மறுபடி கிளம்பும்.

இறக்கம் இன்னும் மோசம். ஏற்றிய அந்தப் பன்னிரண்டரை மெகாஜூலை இப்போது கரைக்கவேண்டும். அதைக்கொண்டு நாற்பது லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். டிரம் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து ஷூவை விட்டு விலகும், ஷூவின் பிடிப்பும் போகும், பெடல் தரைவரை இறங்கும். தெரிந்த டிரைவர் மேலே ஏறிய அதே இரண்டாவது கியரில்தான் கீழே இறங்குவார். மூடிய திராட்டிலுக்கு எதிராகக் காற்றை உறிஞ்சத் திணறித் திணறி எஞ்சினே பிரேக்காகும். 1974-இல் இரண்டாவது சாலை வரும்வரை ஏற்றம் இறக்கம் இரண்டுக்கும் இந்த ஒரே சாலை, எதிரே தேவஸ்தான பஸ். இன்று இறங்குவதற்கு மட்டும் விட்டிருக்கும் அந்தப் பழைய சாலையின் கொண்டை ஊசி வளைவுகளைப் பார்த்தால் மூன்று மீட்டர் சக்கர இடைவெளி உள்ள காரை அதில் திருப்பியவர்கள்மேல் மரியாதை வருகிறது.

கிங்ஸ்வேயின் காலம் நீளவில்லை. இங்கேயே பாகங்களைச் செய்யாமல் வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை என்று 1953-இல் அரசு முடிவெடுக்க, ஜெனரல் மோட்டார்சும் ஃபோர்டும் கடையைக் கட்டின. பிரீமியர் தங்கியது; ஆனால் அதன் கவனம் 1954 முதல் சின்ன ஃபியட்டின் பக்கம் திரும்பிற்று. பெட்ரோல் விலை ஏறிய எழுபதுகளில், மிச்சமிருந்த பெரிய அமெரிக்க வண்டிகள் பலவற்றில் பக்கவால்வு எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சின் மாட்டினார்கள். கிடாய் மட்டும் முன்னால் அப்படியே பாய்ந்துகொண்டிருந்தது.

காரை விட்டுவிட்டுக் குரோமியத்தின் இன்னொரு முகத்தையும் பார்த்துவிடுவோம். சித்தூரிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால் ராணிப்பேட்டை. 1911 வரை எல்லாம் ஒரே வட ஆற்காடு மாவட்டம், தலைநகர் சித்தூர். ராணிப்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் என்ற ஆலை எழுபதுகளின் நடுவிலிருந்து தொண்ணூறுகளின் நடுவரை நடந்தது. குரோமியத் தாதுவிலிருந்து சோடியம் பைகுரோமேட்டும், தோல் பதனிட வேண்டிய குரோமிய உப்பும் செய்தார்கள். மூடிவிட்டுப் போனபோது விட்டுச்சென்றது ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு, திறந்த வெளியில். மழை பெய்தால் மஞ்சள் தண்ணீர் ஓடும். அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் இன்ஸ்டிட்யூட் 2006-இல் உலகின் மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்களைப் பட்டியலிட்டபோது அதில் ராணிப்பேட்டையும் இருந்தது.

டாட்ஜ் காரின் பம்பருக்கும் ராணிப்பேட்டைக்கும் நேர்த்தொடர்பு இல்லை. ஆனால் முலாம் தொட்டியில் இருப்பதும் அந்த மஞ்சள் தண்ணீரில் இருப்பதும் ஒரே வகை, ஆறு எலெக்ட்ரான் இழந்த குரோமியம். உலோகமாகவோ எவர்சில்வரிலோ இருந்தால் பரம சாது. இந்த வடிவத்தில் செல்லுக்குள் நுழைந்து மரபணுவைக் கெடுக்கும், புற்றுநோய் தரும். முலாம் பட்டறைகளில் அந்த ஹைட்ரஜன் குமிழிகள் வெடித்துக் கிளப்பும் சாரலைச் சுவாசித்த பழைய தொழிலாளிகளுக்கு மூக்கின் நடுச்சுவர் ஓட்டையாகும். தொட்டியிலிருந்து பம்பரைத் தூக்கிக் கழுவும்போது அதோடு ஒட்டிக்கொண்டு போகும் குரோமியம், பம்பரில் படிந்ததைவிட அதிகம். காரில் ஐந்து கிராம் என்று நாம் போட்ட கணக்கில் சாக்கடைக்குப் போனது சேரவில்லை.

கழுவு நீரைச் சரிசெய்வது தெரியாத வித்தை இல்லை. அமிலத்தன்மையில் வைத்துச் சோடியம் மெட்டாபைசல்ஃபைட் சேர்த்தால் ஆறு எலெக்ட்ரான் கடனில் மூன்று அடைபட்டு, மஞ்சள் நிறம் பச்சையாகும். பிறகு சுண்ணாம்பு போட்டால் சகதியாக அடியில் தங்கும். செலவு பிடிக்கும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 முதல் சிறப்பு அனுமதி இல்லாமல் குரோமிக் அமிலத் தொட்டி வைக்க முடியாது. மாற்றாக வந்திருப்பது மூன்று எலெக்ட்ரான் இழந்த குரோமியத்தைக் கொண்டே பூசும் கரைசல். நச்சு குறைவு, மின்சாரம் வீணாவதும் குறைவு, குழிக்குள்ளும் ஓரளவு நுழையும்.

பழைய வண்டிக்காரர்களுக்கு அதில் ஒரு குறை: நிறம். புதுக் கரைசலில் வரும் குரோமியம் சற்றே இருண்டு, எஃகுச் சாயலில் இருக்கும். அந்தப் பழைய நீலம் வராது. ஒரே காரில் கிரில் ஒரு நிறம், பம்பர் ஒரு நிறம் என்றால் கண்ணை உறுத்தும் என்கிறார்கள். நிக்கல் தெரியும் அளவுக்குத் தேய்ந்த அசல் பம்பரை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். இரும்பு தெரிந்துவிட்டால் வேறு வழியில்லை, உரித்துப் பூசத்தான் வேண்டும்; அப்போது முகத்தில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே பட்டறையில், ஒரே கரைசலில், மூன்று எலெக்ட்ரான் வகையிலேயே கொடுத்துவிட்டால் நிறம் ஒத்துப்போய்விடும். பட்டைகளைத் தொடவேண்டாம், அவை எஃகு.